மறுமொழி: ‘உறைவு விளைவு’ வேண்டாம், ‘தொடரளவைத் தேக்கம்’?

> அணு போன்ற குவாண்டம் அமைப்பை அடிக்கடி அளந்தால் அது மாறாமல் நின்றுவிடுகிறது. ‘உறைவு விளைவு’ என்று வைத்துவிடலாமே?

வணக்கம் ஐயா,

‘குவாண்டம் சீனோ விளைவு’க்குத் தமிழ்ப் பெயராக உறைவு எனக்கு ஒத்துவரவில்லை. உறைதல், உறைநிலை எல்லாம் ஏற்கெனவே வெப்பவியலில் குடியிருக்கின்றன. இங்கே உயர்தர வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னால் முதலில் வெப்பநிலையைத்தான் கேட்பார்கள். போன மடலில் இதற்கே வந்த இன்னொரு பெயரான ‘நோக்குத்தடை’யை வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். “அப்ப கண்ணூறு விளைவு எண்டே வைப்பம் சேர்” என்றான் ஒரு பொடியன். சிக்கலும் அதுதான். இதற்குப் பார்க்கும் கண் எதுவும் தேவையில்லை.

1990இல் அமெரிக்காவின் போல்டரில் இட்டானோ, வைன்லண்ட் குழுவினர் செய்த சோதனையில் அளந்தது லேசர் துடிப்பு. சுமார் 5000 பெரிலியம் அயன்கள். 256 மில்லிசெக்கன் ரேடியோ அலை கொடுத்தால் எல்லாம் அடுத்த சக்தி மட்டத்துக்குப் போய்விடும். அதே நேரத்துக்குள் 64 தடவை அளந்தால், கணக்குப்படி 4 சதவீதம்கூடப் போகாது. கிடைத்த அளவுகளும் கணக்கோடு ஒத்துப்போயின.

மாறுவதற்கான நிகழ்தகவு ஆரம்பத்தில் நேரத்தின் வர்க்கமாக வளர்வதுதான் காரணம். நேரத்தைப் பத்தாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் அளந்தால், ஒரு துண்டுக்கு நூறில் ஒரு பங்குதான் விழும்; பத்தும் சேர்ந்தாலும் பத்தில் ஒன்று. நிகழ்தகவு நேரத்துக்கு நேர்விகிதமாக வளர்ந்தால் எத்தனை துண்டு போட்டும் பயனில்லை. கதிர்வீச்சை அளக்கும் கைகர் எண்ணியைப் பக்கத்தில் வைத்தாலும் யுரேனியம் தன்பாட்டில் தேய்வது அதனால்தான்.

ஆக, ஒரு தடவை அளப்பது போதாது. பெயரில் ‘தொடர்’ வர வேண்டும். ‘தொடரளவைத் தேக்கம்’ என் முன்மொழிவு. அளப்பதை நிறுத்தினால் மாற்றம் மறுபடி ஓடத் தொடங்கும். தேக்கம் என்றால் அப்படித்தானே? கந்தளாய்க் குளத்தை நம்பி வயல் செய்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

உவர்மலை, திருகோணமலை

---

> ‘தொடரளவைத் தேக்கம்’ என் முன்மொழிவு.

தம்பி, தேக்கம் சரி. ஆனால் இதற்கு எதிர்மாறும் இருக்கிறதே. லேசர் ஒளியில் பிடித்து வைத்த குளிர்ந்த சோடியம் அணுக்கள் தப்பிப்போவதை 2001இல் இயற்பியலாளர் ரைசன் குழுவினர் அளந்தார்கள். அளக்கும் இடைவெளியைப் பொறுத்து, தப்புவது ஒருபக்கம் குறைந்தது, இன்னொருபக்கம் கூடியது. அதற்கும் சோடியாக ஒரு பெயர் வேண்டும். ‘முடுக்கம்’ என்றால் தமிழ்நாட்டார் நம்முடைய ஆர்முடுகலை (acceleration) நினைப்பார்கள். ‘தூண்டல்’ மின்னியலுக்குப் போய்விட்டது. ‘தொடரளவை விரைவிப்பு’ எப்படி? வாய்க்குள் கொஞ்சம் இடறுகிறதுதான்.

பழைய கிரேக்க மெய்யியலாளர் சீனோவையும் முழுக்கத் துரத்த வேண்டாம். 1977இல் இயற்பியலாளர்கள் மிஸ்ராவும் கோட்டயத்துச் சுதர்சனும் அவர் பெயரில்தான் இதை எழுதினார்கள். பறக்கும் அம்பு ஒவ்வொரு கணத்திலும் ஓரிடத்தில் நிற்கிறது என்றவர் அவர். பட்டியலில் ‘சீனோ விளைவு’ என்பதும் பக்கத்தில் இருக்கட்டும்.

அப்புறம், ‘குவாண்டம்’ என்பதா, தமிழில் ‘சக்திச்சொட்டு’ என்பதா என்ற சண்டையை யாரும் இந்த இழைக்குள் இழுக்காதீர்கள்.

நிலாவெளி