'டு' சேர்ந்த வினைச்சொல்: நீங்கள் நேரில் கேட்ட வாக்கியங்களைச் சொல்லுங்கள்

ஆங்கில ஆசிரியர்:

வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அதில் எனக்கு மிகவும் பிடித்த பாடம், வினைச்சொல்லுக்கு முன்னால் 'டு' வந்து சேரும் இடங்கள். இலக்கணப் புத்தகத்தில் இதற்கு இன்ஃபினிட்டிவ் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டதுமே பலர் பேனாவை மூடிவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கும், ஏனென்றால் தமிழ் பேசுகிற நமக்கு இது புதிய சங்கதியே இல்லை. 'குடிக்கத் தண்ணீர்', 'உங்களைப் பார்க்க வந்தேன்', 'பேச நேரமில்லை' என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். செயவென் எச்சம் என்று பள்ளியில் படித்தது இதைத்தான். ஆங்கிலத்தில் 'வாட்டர் டு ட்ரிங்க்', 'ஐ கேம் டு சீ யூ', 'நோ டைம் டு டாக்'. நம் வினையின் கடைசியில் ஒலிக்கும் 'அ' செய்கிற வேலையை அங்கே முன்னால் நிற்கும் 'டு' செய்கிறது.

இப்படி விளக்கிய ஒரு வகுப்பில், அதுவரை வாய் திறக்காத ஓர் அம்மா எழுந்து நின்று 'ஐ கேம் டு லேர்ன்' என்றார். அப்புறம் யாரும் கேட்காமலே, 'ஐ வான்ட் டு டாக் டு மை கிராண்ட்சன்' என்றார். வகுப்பே கை தட்டியது.

ஆனால் இந்தப் பொருத்தம் எல்லா இடத்திலும் செல்லாது. 'போக முடியும்' என்றால் 'கேன் கோ'. 'கேன் டு கோ' கிடையாது. 'மஸ்ட்', 'ஷுட்', 'வில்', 'மே' எல்லாம் அப்படித்தான். 'லெட்', 'மேக்' பின்னாலும் 'டு' வராது: 'லெட் மீ சீ', 'ஹி மேட் மீ வெயிட்'. அதையே செயப்பாட்டு வினையாக மாற்றினால் 'டு' வந்துவிடும்: 'ஐ வாஸ் மேட் டு வெயிட்'. இதையெல்லாம் பட்டியல் போட்டு உருப்போடுவதைவிட, யார் எப்போது எதற்காகச் சொன்ன வாக்கியம் என்று தெரிந்துகொண்டால் மனதில் நிற்கும் என்று நம்புகிறேன். அப்படி உங்கள் காதில் விழுந்தவை, கண்ணில் பட்டவை இருந்தால் எழுதுங்கள்.

வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர்:

எங்கள் குழுவிலிருந்து வெளியே போகும் மின்னஞ்சல்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, 'இனிமேல் உங்களிடம் கட்டணம் வாங்க மாட்டோம், நிறுத்திவிட்டோம்' என்பதை 'வி ஸ்டாப்ட் டு சார்ஜ் யூ' என்று எழுதியிருந்தார். படிக்கிறவருக்கு அது எப்படிப் போய்ச் சேரும் தெரியுமா? 'வேறு ஏதோ செய்துகொண்டிருந்தோம், உங்களிடம் கட்டணம் வாங்குவதற்காக அதை நிறுத்தினோம்' என்று. 'வி ஹேவ் ஸ்டாப்ட் சார்ஜிங் யூ' என்று மாற்றி அனுப்பினோம்.

அந்தத் தம்பிக்கு விளங்க வைக்க நான் சொன்ன ஜோடி இது. 'ஐ ஸ்டாப்ட் டு டாக் டு ஹிம்' என்றால் வழியில் அவரைப் பார்த்தேன், நின்று பேசினேன். 'ஐ ஸ்டாப்ட் டாக்கிங் டு ஹிம்' என்றால் அவரோடு பேச்சே இல்லை. ஒன்றில் உறவு இருக்கிறது, இன்னொன்றில் அறுந்துவிட்டது. 'ரிமெம்பர்' என்ற சொல்லிலும் இதே வித்தியாசம்தான். 'ரிமெம்பர் டு லாக் தி டோர்' என்பது இனிமேல் பூட்ட வேண்டிய கதவு. 'ஐ ரிமெம்பர் லாக்கிங் தி டோர்' என்பது பூட்டியாகிவிட்ட கதவு.

ஆங்கில ஆசிரியர்:

அருமையான ஜோடி, நன்றி! இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. பழைய ஆங்கிலத்தில் வினையின் கடைசியிலேயே 'அன்' என்ற விகுதி இருந்தது. குடிக்க என்பது 'ட்ரிங்கன்'. 'டு' என்பது 'நோக்கி' என்ற பொருள் தரும் தனிச்சொல். அது முன்னால் வரும்போது வினை 'டு ட்ரிங்கென்னெ' என்று வேறு உருவம் எடுக்கும். காலப்போக்கில் விகுதிகள் தேய்ந்து உதிர்ந்துவிட்டன, 'டு' மட்டும் மிஞ்சியது. அதன் பழைய 'நோக்கி' என்ற வாசனை இன்னும் போகவில்லை. 'வான்ட்', 'ஹோப்', 'டிசைட்', 'ப்ராமிஸ்' எல்லாம் இனி நடக்க வேண்டியதை நோக்கியவை, அவற்றோடு 'டு' சேர்கிறது. முடிந்ததையும் நடந்துகொண்டிருப்பதையும் பேசும் 'ஃபினிஷ்', 'என்ஜாய்' இரண்டும் 'இங்' கேட்கின்றன. இதை முழு விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 'சஜெஸ்ட்' இனி செய்யப்போவதைத்தான் பேசுகிறது, ஆனாலும் 'சஜெஸ்டட் கோயிங்' என்றுதான் வரும், 'சஜெஸ்டட் டு கோ' வராது.

மொழிபெயர்ப்பாளர்:

என் மேசைக்கு வரும் வரைவுகளில் அடிக்கடி தடுக்கும் ஒரு வாக்கியம் உண்டு. 'ஹி ரஷ்ட் டு தி ஸ்டேஷன் ஒன்லி டு ஃபைன்ட் தட் தி ட்ரெயின் ஹேட் லெஃப்ட்.' இதை 'ரயில் போய்விட்டதைக் காண்பதற்காகவே அவர் நிலையத்துக்கு விரைந்தார்' என்று எழுதிக் கொடுக்கிறார்கள். எந்த மனிதராவது தவறவிட்ட ரயிலைப் பார்க்க ஓடுவாரா? இங்கே 'டு' நோக்கத்தைச் சொல்லவில்லை, விளைவைச் சொல்கிறது. அதுவும் எதிர்பாராத, மனம் உடைக்கும் விளைவு. 'அடித்துப் பிடித்து ஓடினார், போய்ப் பார்த்தால் ரயில் கிளம்பியிருந்தது' என்று நம் வழியில் சொல்ல வேண்டியதுதான். அந்தப் 'போய்ப் பார்த்தால்' என்பதில்தான் 'ஒன்லி டு' முழுசாக இறங்குகிறது.

இதே குடும்பத்தில் இன்னும் சில இருக்கின்றன. 'ஷி லிவ்ட் டு பீ நைன்ட்டி.' தொண்ணூறு வயது ஆக வேண்டும் என்ற குறிக்கோளோடு யாரும் வாழ்வதில்லை. தொண்ணூறு வயது வரை இருந்தார், அவ்வளவுதான். 'ஐ வோக் அப் டு ஃபைன்ட் தி ஹவுஸ் எம்ப்டி' என்றால் கண் விழித்துப் பார்த்தபோது வீட்டில் யாருமில்லை. 'ஹி க்ரூ அப் டு பிகம் எ டாக்டர்' என்றால் வளர்ந்து டாக்டர் ஆனார்.

எங்கே நோக்கம், எங்கே விளைவு என்று கண்டுபிடிக்க நான் ஒன்று செய்வேன். 'டு' இருக்கும் இடத்தில் 'இன் ஆர்டர் டு' போட்டுப் படிப்பேன். 'ஐ கேம் இன் ஆர்டர் டு சீ யூ' சரியாக நிற்கிறது, ஆகவே நோக்கம். 'லிவ்ட் இன் ஆர்டர் டு பீ நைன்ட்டி' நிற்கவில்லை, ஆகவே விளைவு. புதிதாக வருபவர்களுக்கு முதலில் நான் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த இடத்தில் தவறினால் வாக்கியம் இலக்கணப்படி சுத்தமாகவே இருக்கும், கதை மட்டும் மாறிப்போகும். அதனால் யார் கண்ணிலும் படாமலே அச்சுக்குப் போய்விடும்.

கல்லூரி மாணவி:

எனக்கு இது போன் திரையில்தான் அறிமுகம். 'டேப் டு அன்லாக்', 'ஹோல்டு டு ரெக்கார்ட்'. முன்னால் இருப்பது நாம் செய்ய வேண்டியது, 'டு'வுக்குப் பின்னால் இருப்பது அதனால் நடக்கப்போவது. பாட்டிக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தேன், இப்போது புதுத் திரை வந்தாலும் அவரே படித்து அழுத்துகிறார்.

அப்புறம், 'டு' மட்டும் தனியாக வாக்கியத்தின் கடைசியில் நிற்பதை யாரும் சொல்லவில்லையே? 'வுட் யூ லைக் டு ஜாயின் அஸ்?' என்று கேட்டால் 'ஐ வுட் லவ் டு' என்கிறார்கள். வினையைத் திரும்பச் சொல்வதில்லை. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

மருத்துவமனையில் மொழி உதவி செய்பவர்:

மருத்துவர் ஆங்கிலத்தில் சொல்வதை நோயாளியின் குடும்பத்துக்குத் தமிழில் சொல்வது என் வேலை. ஒருநாள் நான் போய்ச் சேருவதற்குள் மருத்துவர் பேசிவிட்டுப் போயிருந்தார். மகன் அம்மாவின் துணிகளைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். என்ன சொன்னார் என்று கேட்டேன். 'ஷி இஸ் டூ வீக் டு டிராவல்' என்று வார்த்தை பிசகாமல் சொன்னார். 'உடம்பு ரொம்ப பலவீனம், ஊருக்குக் கூட்டிப் போங்கள் என்கிறார்' என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த வாக்கியத்தில் 'நாட்' இல்லை, 'நோ' இல்லை. ஆனால் பொருள் முழுக்க மறுப்புதான்: பயணம் செய்ய முடியாத அளவுக்குப் பலவீனம். 'டூ' வந்து, பின்னால் 'டு' வந்தால், அந்த வினை நடக்காது என்று அர்த்தம். 'டூ ஹாட் டு ட்ரிங்க்' என்றால் குடிக்க முடியாத சூடு. 'டூ லேட் டு கால்' என்றால் நேரமாகிவிட்டது, இப்போது கூப்பிடக்கூடாது. இதற்கு நேர் எதிர் 'எனஃப் டு': 'ஷி இஸ் வெல் எனஃப் டு டிராவல்' என்று மருத்துவர் சொல்லும்வரை காத்திருங்கள் அண்ணா என்று அவரிடம் சொன்னேன். பையைக் கீழே வைத்துவிட்டு, பிறகு அந்த வாக்கியத்துக்காகவே ஒவ்வொரு நாளும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார். அதே வாக்கியத்தை மருத்துவர் சொன்ன நாளில் நான் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

இப்போது எந்தக் குடும்பத்திடமும் 'டூ... டு' வரும் பேச்சை இருமுறை தமிழில் சொல்கிறேன். 'முடியாது', 'கூடாது' என்ற சொல்லை அழுத்தியே சொல்கிறேன்.

செய்திப் பிரிவு உதவி ஆசிரியர்:

நாங்கள் தினமும் தலைப்புகளில் இதோடு புழங்குகிறோம். 'மினிஸ்டர் டு விசிட் ஸ்கூல்' என்றால் அமைச்சர் போகப்போகிறார். எதிர்காலத்தைச் சொல்ல 'வில்' வேண்டாம், 'டு' போதும்; இடமும் மிச்சம்.

'டு'வுக்கும் வினைக்கும் நடுவே இன்னொரு சொல் நுழையலாமா என்ற சண்டையும் எங்களிடம் ஓயாது. ஒரு மூத்த ஆசிரியர் 'டு ரியலி அண்டர்ஸ்டாண்ட்' என்பதைக் கண்டால் சிவப்பு மை போடுவார். இந்தத் தடையை 1864-லேயே ஹென்றி ஆல்ஃபர்ட் என்ற இங்கிலாந்து மதகுரு எழுதிவிட்டார். 1926-ல் ஆங்கில நடைக் கையேடு எழுதிய ஃபௌலர் இந்த விஷயத்தில் ஆங்கிலம் பேசுகிறவர்களை ஐந்து வகையாகவே பிரித்தார்; அதில் ஒரு வகையினர், இது என்னவென்றே தெரியாமல் அதை எதிர்ப்பவர்கள். 1947-ல் நாவலாசிரியர் ரேமண்ட் சாண்ட்லர், தான் இப்படி 'டு'வையும் வினையையும் பிளந்து எழுதியதைத் திருத்திவிட்டார்கள் என்று ஒரு பத்திரிகை ஆசிரியருக்குக் கோபமாகக் கடிதமே எழுதினார். நான் சாண்ட்லர் பக்கம். 'வி எக்ஸ்பெக்ட் சேல்ஸ் டு மோர் தன் டபுள்' (விற்பனை இரண்டு மடங்குக்கும் மேல் கூடும் என்று எதிர்பார்க்கிறோம்) என்ற வாக்கியத்தில் 'மோர் தன்' இரண்டையும் வேறு எங்கே கொண்டுபோய் வைப்பது? பொருள் தெளிவாக இருந்தால் நுழையட்டும்.

வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர்:

ஒரு சந்தேகம் டீச்சர். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ' என்று எங்கள் கடிதங்களை முடிக்கிறோம். அங்கே 'டு' இருந்தும் 'மீட்' வராமல் 'மீட்டிங்' வருகிறதே?

ஆங்கில ஆசிரியர்:

அந்த 'டு' வேறு ஆள், சார். அது பெயர்ச்சொல்லைப் பிடிக்கும் 'டு'. அதன் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள்: 'லுக்கிங் ஃபார்வர்ட் டு தி ஹாலிடே' என்று சொல்ல முடிகிறது அல்லவா? அப்படியானால் வினை வந்தாலும் 'இங்' போட்டுத்தான் வரும். 'ஐ வான்ட் டு தி ஹாலிடே' என்று சொல்ல முடியாது, ஆகவே அங்கே 'வான்ட் டு மீட்'. 'ஐ யூஸ்ட் டு வாக்', 'ஐ ஆம் யூஸ்ட் டு வாக்கிங்' இரண்டையும் இதே சோதனையில் வைத்துப் பாருங்கள். முன்னது 'நடப்பேன், அது அந்தக் காலம்'. பின்னது 'நடந்து பழக்கம்'.