உபுண்டு மேலேயே எக்ஸ்எஃப்சிஇ சேர்க்கலாமா, சுபுண்டுவையே புதிதாகப் போடலாமா?

பழைய_மடிக்கணினி:
வணக்கம். என்னிடம் பத்து வயது தாண்டிய லேப்டாப் ஒன்று இருக்கிறது. 4 ஜிபி ரேம், போன வருடம்தான் எஸ்எஸ்டி மாற்றினேன். உபுண்டு 24.04 (லினக்ஸ் இயங்குதளம்) ஓடுகிறது. பிரவுசரில் நாலு டேப் திறந்து, பக்கத்தில் லிப்ரெ ஆபீஸையும் திறந்தால் போதும், மவுஸ் அம்புக்குறியே திக்கித் திக்கித்தான் நகர்கிறது. உபுண்டுவோடு வரும் க்னோம் டெஸ்க்டாப் கனம், இலேசான எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்புக்கு மாறு என்கிறார்கள். சரி, எப்படி மாறுவது? இப்போது இருக்கும் உபுண்டுவிலேயே சுபுண்டு-டெஸ்க்டாப் பேக்கேஜைப் (மென்பொருள் தொகுப்பை) போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, எக்ஸ்எஃப்சிஇயோடு வரும் உபுண்டு வகையான சுபுண்டுவை நிறுவலாம். இன்னொரு லினக்ஸான டெபியனை டெஸ்க்டாப்பே இல்லாமல் நிறுவி, வேண்டியதை நானே ஒவ்வொன்றாகச் சேர்க்கவும் ஆசை, ஆனால் தைரியம் பாதிதான் இருக்கிறது. தினமும் தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்கிறேன், அது மட்டும் கெடக்கூடாது.

கருப்புத்திரை:
முதல் வழி வேண்டாம் நண்பரே, நான் செய்து அனுபவித்துவிட்டேன். நிறுவுவது சுலபம்தான். நடுவில் ஒரு திரை வந்து லாகினுக்கு ஜிடிஎம் வேண்டுமா லைட்டிஎம் வேண்டுமா என்று கேட்கும், ஒன்றைச் சொன்னால் மீதி தானாக முடிந்துவிடும். தலைவலி அடுத்த நாள்தான் தொடங்கியது. மெனுவில் எல்லாமே இரண்டிரண்டு: இரண்டு டெர்மினல், இரண்டு கோப்பு மேலாளர், படம் பார்க்க இரண்டு. பிரவுசரில் இறக்கிய கோப்பின் ஃபோல்டரைத் திறந்தால் எக்ஸ்எஃப்சிஇயின் கோப்பு மேலாளரான தூனார் வராமல் க்னோமின் நாட்டிலஸ் வந்து நிற்கும். பூட் ஆகும்போது வரும் படமும் சுபுண்டுவுடையதாக மாறிவிட்டது. சரி, வேண்டாம் என்று சுபுண்டு-டெஸ்க்டாப்பை நீக்கினால் அந்தப் பேர் மட்டும்தான் போனது, அது இழுத்து வந்த கூட்டம் அப்படியே உட்கார்ந்திருந்தது. அது மற்ற பேக்கேஜ்களை இழுத்து வரும் வெறும் பட்டியல் பேக்கேஜ் என்பது அப்போதுதான் புரிந்தது. பிறகு பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஏபிடியின் ஹிஸ்டரி கோப்பைத் திறந்து, அன்றைக்கு என்னென்ன வந்தது என்று பார்த்துப் பார்த்து நீக்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விட்டது.

இரவல்_ரூட்:
கருப்புத்திரை சொல்வது நடப்பதுதான், ஆனால் அது முழு சுபுண்டு-டெஸ்க்டாப்பையும் போட்டதால் வந்தது. எக்ஸ்எஃப்சிஇ4 என்ற சின்ன பேக்கேஜை மட்டும் போட்டு, அதற்கென்று ஒரு புதுப் பயனர் கணக்கு உருவாக்கி அதில் நுழைந்து பார்த்தால், உங்கள் பழைய கணக்கின் அமைப்புகளோடு எதுவும் கலக்காது. பிடித்திருக்கிறதா என்று ஒரு வாரம் பார்க்க இது போதும். நிரந்தரமாக இப்படியே வைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, பலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். உபுண்டுவும் சுபுண்டுவும் வேறு வேறு கடை இல்லை, ஒரே கிடங்கிலிருந்துதான் இரண்டுக்கும் சரக்கு வருகிறது. எந்த வழியில் போனாலும் 24.04இல் உங்களுக்குக் கிடைப்பது அதே எக்ஸ்எஃப்சிஇ 4.18தான். சுபுண்டுவின் நிறுவல் கோப்பை (ஐஎஸ்ஓ) வைத்துப் புதிதாகப் போட்டால் தீம், பேனல், பவர் அமைப்பு, லாகின் திரை எல்லாவற்றையும் யாரோ உட்கார்ந்து ஒன்றோடொன்று பொருத்திக் கொடுத்திருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆதரவுக் காலத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: உபுண்டு 24.04க்கு 5 வருடம், சுபுண்டு 24.04க்கு 3 வருடம். உபுண்டு மேல் எக்ஸ்எஃப்சிஇயைச் சேர்த்துவிட்டால் அதற்கும் 5 வருடம் கிடைத்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள்.

மூட்டைமுடிச்சு:
டெபியன் ஆசையை யாரும் கண்டுகொள்ளவில்லையே! நான் அப்படித்தான் ஓட்டுகிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் நாள் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். நிறுவும்போது ரூட் (நிர்வாகிக் கணக்கு) பாஸ்வேர்ட் கொடுத்தால் சூடோ (சாதாரணக் கணக்கிலிருந்தே நிர்வாக வேலை செய்யும் கட்டளை) வராது, அதைக் காலியாக விட்டால்தான் உங்கள் கணக்குக்கு சூடோ கிடைக்கும். டெஸ்க்டாப் எதையும் தேர்வு செய்யாமல் வை-ஃபையில் நிறுவினால் அந்த வை-ஃபை விவரம் இன்டர்ஃபேசஸ் என்ற அமைப்புக் கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு இணைய இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரைப் போட்டாலும் 'இது என் பொறுப்பில் இல்லை' என்று கையை விரித்துவிடும். அந்தக் கோப்பில் வை-ஃபை வரிகளின் முன்னால் # போட்டு ரீபூட் செய்தால் சரியாகிவிடும். எனக்கு இது தெரிய இரண்டு நாள் ஆனது, அதுவரை போனில்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்புறம், இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று கூடவே வரும் பரிந்துரை பேக்கேஜ்களை எல்லாம் தவிர்த்தேன். பென்டிரைவ் செருகினால் தூனாரில் தெரியவே இல்லை, குப்பைத்தொட்டியும் இல்லை. இவற்றைத் தூனாரில் காட்டும் ஜிவிஎஃப்எஸ் பேக்கேஜைப் போட்ட பிறகுதான் வந்தது. இதெல்லாம் வேண்டாமென்றால் டெபியன் நிறுவியிலேயே எக்ஸ்எஃப்சிஇயைத் தேர்வு செய்துவிடுங்கள், இவ்வளவும் தானாக வந்துவிடும். டெபியன் 12இலிருந்து வை-ஃபை ஃபர்ம்வேரும் (வை-ஃபை சிப் இயங்கத் தேவையான மென்பொருள்) நிறுவியிலேயே இருப்பதால் முன்பு மாதிரி தனியாகத் தேடி அலைய வேண்டாம்.

புள்ளிமயிர்:
தமிழ்99 பற்றி மட்டும் சொல்கிறேன். எக்ஸ்எஃப்சிஇயின் விசைப்பலகை அமைப்பிலேயே தமிழ்99 என்று ஒன்று தெரியும், அதைப் போட்டுவிட்டு ஏமாறாதீர்கள். அதில் ஒரு விசைக்கு ஒரு எழுத்து, அவ்வளவுதான். க இரண்டு முறை அடித்தால் தானாகப் புள்ளி விழுந்து க்க வராது. தட்டச்சு முறைகளைக் கவனிக்கும் ஐபஸ், அதற்கு முழுத் தமிழ்99ஐத் தரும் ஐபஸ்-எம்17என் இரண்டையும் நிறுவி, ஐஎம்-கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். க்னோமில் ஐபஸ் கூடவே ஓடுவதால் இந்த வேலை தெரியாமலே இருந்திருக்கும். சுபுண்டுவோ டெபியனோ, இதை ஒரு முறை செய்தாக வேண்டும்.

மற்றபடி 4 ஜிபியில் நினைவகத்தைத் தின்பது பாதிக்கு மேல் பிரவுசர்தான். டெஸ்க்டாப்பை மாற்றினால் சில நூறு எம்பி மிச்சமாகும். நாலு டேப் நாற்பது டேப் ஆகிவிடாது.

பழைய_மடிக்கணினி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு சுபுண்டுவை பென்டிரைவில் எழுதி, நிறுவாமல் லைவாக ஓட்டிப் பார்த்தேன். வை-ஃபை பிடித்தது, வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் பட்டன் வேலை செய்கிறது, லைவிலேயே ஐபஸ்-எம்17என் போட்டுப் பார்த்தேன், புள்ளியும் விழுந்தது. இந்தச் சனிக்கிழமை ஹோம் ஃபோல்டரை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு சுபுண்டுவையே போடுகிறேன். டெபியன் ஆசையை விடவில்லை, தம்பியின் கணினியில் 16 ஜிபி இருக்கிறது, அதில் விர்ச்சுவல் பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) வைத்து உடைத்துப் பழகப் போகிறேன். மூட்டைமுடிச்சு, அங்கே மாட்டிக்கொண்டால் உங்களைத்தான் கேட்பேன்.

மூட்டைமுடிச்சு:
கேளுங்கள் ப்ரோ. விர்ச்சுவல் பாக்ஸில் வை-ஃபை சிக்கல் வராது, அதற்குத் தெரிவது கேபிள் இணைப்பு மட்டும்தான். எனவே பின்னால் நிஜ லேப்டாப்பில் போடும்போது உதவ, அந்த # விஷயத்தை எங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.