புதுப்பிப்பு: வயல் வழியே வரும் புறவழிச்சாலை, கூட்டத்தில் நடந்தது

எங்கள் ஊர் வயல்களை வெட்டிக்கொண்டு புறவழிச்சாலையும், அதை ஒட்டி ஒரு பெரிய மனைத் திட்டமும் வருகிறது, எப்படி எதிர்ப்பது என்று போன பதிவில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கருத்துக்கேட்புக் கூட்டம் முடிந்துவிட்டது.

நீங்கள் சொன்னபடி கோஷத்தை விட்டு திட்ட வரைபடத்தைப் பிடித்துக்கொண்டோம். மழைநீர் வடியும் ஓடை அதில் இல்லவே இல்லை, அது ஓடுகிற இடத்தில் வெறும் மனை எண்கள். பெரியவர் ஒருவர் எழுந்து போய்த் திரையிலேயே விரலை வைத்து, தண்ணீர் இங்கே வந்து இங்கே திரும்பும், இதில் மண்ணைக் கொட்டினால் கீழ்த்தெரு முழுக்க மூழ்கும் என்று காட்டினார். அதிகாரிகள் யாரிடமும் பதில் இல்லை. மறுபடி அளக்கிறோம் என்றார்கள், அதை எழுத்தில் வாங்கிவிட்டோம்.

அப்புறம், சாலை வந்தால் நெரிசல் தீரும் என்ற வாதம். புதுச் சாலைகள் கூடுதல் போக்குவரத்தையே உண்டாக்கலாம் என்று பிரிட்டன் அரசின் ஆலோசனைக் குழுவே 1994-ல் அறிக்கை கொடுத்தது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கேட்டி நெடுஞ்சாலையைச் சில இடங்களில் 26 தடம் வரை அகலப்படுத்தி 2008-ல் முடித்தார்கள், ஆனால் 2011-க்கும் 2014-க்கும் இடையில் மாலைப் பயண நேரம் கூடியது. தென் கொரியாவின் சியோலில் மேம்பாலச் சாலையையே இடித்து 2005-ல் பழைய ஓடையைத் திறந்துவிட்டார்கள். எல்லாவற்றையும் மனுவோடு இணைத்தோம்.

நிலத்துக்கு நல்ல விலை வருமே என்கிறவர்களும் ஊரில் உண்டு, கடன் இருக்கிறவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள், அவர்களோடு சண்டை வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். சரி, அளக்க வரும்போது ஊர் தரப்பில் என்னென்ன பதிவு செய்து வைக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.