கம்பெனியே மூடிப்போன பழைய கேமை காட்ரிட்ஜில் ஏற்றி விற்கலாமா?

மதி_16பிட்:

வணக்கம். சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ், கேம்பாய் அட்வான்ஸ் மாதிரி பழைய கன்சோல்களோட காட்ரிட்ஜ்களை (கேம் சிப் இருக்கிற டப்பா) ரீடர்ல வச்சு ரோம் ஃபைலா, அதாவது கேம் முழுசும் அடங்கின ஃபைலா எடுக்குறதும், அதைக் காலி போர்டுல எழுதுறதும் இப்ப யாருக்கும் பெரிய வேலை இல்லை. என் கேள்வி அதுக்கு அடுத்த கட்டமான விற்பனை பத்தி.

தயாரிச்ச கம்பெனி கலைஞ்சு போய், எந்தக் கடையிலும் கிடைக்காத 90கள் கேம்களைப் புது காட்ரிட்ஜா செஞ்சு சின்ன லாபத்துல விற்கலாமா? ஜப்பான்ல மட்டும் வந்த கேம்களுக்கு ரசிகர்கள் செஞ்ச மொழிபெயர்ப்பை அதே மாதிரி விற்கலாமா? எமுலேட்டர் (பழைய கன்சோல் மாதிரியே வேலை செய்யிற மென்பொருள்) போட்ட சின்ன கம்ப்யூட்டர்ல சில ஆயிரம் கேம் ஏத்தி, பெட்டியா விற்கிறவங்க எந்த அடிப்படையில விற்கிறாங்க?

"25 வருஷம் தாண்டினா இலவசம்", "24 மணி நேரத்துல அழிச்சிட்டா தப்பில்லை", "ஒரிஜினல் கையில இருந்தா பேக்கப் விற்கலாம்" என்று ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. இதுல எது சட்டம்? சட்டத்தை விட்டுடுவோம், இதனால நஷ்டப்படுறவங்க யார்?


உரிமைநோட்டு:

மூணுமே சட்டத்துல இல்லை.

முதல்ல வயசுக் கணக்கு. அமெரிக்கச் சட்டப்படி ஒரு நிறுவனம் தன் ஊழியர்களை வச்சுச் செஞ்ச படைப்புக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 வருஷம் அல்லது உருவான ஆண்டிலிருந்து 120 வருஷம், எது முதல்ல முடியுதோ அதுவரை பதிப்புரிமை இருக்கும். 1985ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2080ஆம் ஆண்டு முடியிற வரைக்கும் பூட்டுலதான் இருக்கும். நாட்டுக்கு நாடு கணக்கு மாறும். ஆனா பெர்ன் உடன்படிக்கை வைக்கிற குறைந்தபட்சக் காலமே 50 வருஷம். அதனால 90கள்ல வந்த கேம் வயசானதால மட்டும் விடுபட்டிருக்க வழியில்லை. அந்த 24 மணி நேரக் கதை, டவுன்லோட் தளங்கள் தாங்களே எழுதி ஒட்டிக்கிட்ட அறிவிப்பு.

கம்பெனி மூடினாலும் உரிமை மூடாது. அது ஒரு சொத்து. கடன்காரருக்குப் போகும், வேற நிறுவனத்துக்கு விலைபோகும், சில நேரம் துண்டு துண்டாப் பிரியும். 2000ல் வந்த "நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர்" கேம் இதுக்கு நல்ல உதாரணம். பழைய கேம்களை மறுபடி வெளியிடுற நைட்டைவ் ஸ்டுடியோஸ் அதை மறுபடி வெளியிட முயற்சி பண்ணி, உரிமை பல பெரிய நிறுவனங்களுக்கு நடுவே சிக்கிக் கிடந்ததால கைவிட்டது. முறையா அனுமதி கேட்டுப் போனவங்களுக்கே அந்த நிலைமை.

அடுத்து பேக்கப். அமெரிக்கச் சட்டத்தின் 117ஆம் பிரிவு, மென்பொருள் பிரதியைச் சொந்தமா வச்சிருக்கிறவர் காப்புப் பிரதி எடுக்கலாம்னு சொல்லுது. அதே பிரிவு, ஒரிஜினலைக் கைமாத்தினா அந்தக் காப்புப் பிரதியும் அதோட சேர்ந்தே போகணும்னும் சொல்லுது. ஒரிஜினலை வச்சுக்கிட்டு காப்பியை மட்டும் விற்க அங்க இடமே இல்லை. 1983ல் அட்டாரி, ஜேஎஸ் அண்ட் ஏ என்ற நிறுவனத்து மேல போட்ட வழக்குல நீதிமன்றம் இன்னும் இறுக்கமாப் பார்த்தது: ரோம் காட்ரிட்ஜ் டிஸ்க் மாதிரி லேசா அழியிற பொருள் இல்லை, அதனால இந்தப் பேக்கப் விலக்கு அதுக்குப் பொருந்தாதுன்னு சொல்லிட்டாங்க. ஐரோப்பாவுல 2009 மென்பொருள் நெறிமுறையிலும் காப்புப் பிரதிக்கு இடம் இருக்கு. ஆனா கேம் என்பது வெறும் நிரல் இல்லை, இசை, ஓவியம், கதை எல்லாம் சேர்ந்த கலவைப் படைப்புன்னு ஐரோப்பிய நீதிமன்றம் 2014ல் நின்டெண்டோ, பிசி பாக்ஸ் வழக்குல சொன்னது. அதனால மென்பொருளுக்குன்னு இருக்கிற சலுகையை அப்படியே கேமுக்குக் கொண்டுவர முடியாது.

காசு விஷயம் கடைசியா. அமெரிக்காவில் பதிவான படைப்புகளுக்குச் சட்டம் நிர்ணயிக்கிற நஷ்டஈடு ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரை, தெரிஞ்சே செஞ்சா 1,50,000 வரை. கவனிங்க, ஒரு படைப்புக்கு. ஆயிரக்கணக்குல கேம் ஏத்தின பெட்டி விற்கிறவர், தனக்கு எதிரான பெருக்கல் கணக்கைத் தானே விளம்பரத்துல போட்டுக்கிறார். ரோம் ஃபைல்களைத் தந்த லவ்ரோம்ஸ் தளம் 2018ல் 1.22 கோடி டாலருக்கு மேல தீர்ப்பை ஏத்துக்கிச்சு. அதே மாதிரி தளமான ரோம்யூனிவர்ஸ் மேல 2021ல் 21 லட்சம் டாலர் தீர்ப்பு வந்தது.

நீங்க காசு கொடுத்து வாங்கின ஒரிஜினல் காட்ரிட்ஜை மறுபடி விற்கிறதுல எந்தச் சிக்கலும் இல்லை. பொருள் கைமாறுது, புதுப் பிரதி உருவாகலை. பிரச்சினை முழுக்க அந்தப் "புதுப் பிரதி"யிலதான்.


எக்ஸ்ட்ரா_லைஃப்:

பெட்டி விற்பனை பத்தி மேல சொன்னதுல ஒண்ணு சேர்க்கணும். கேம் கம்பெனிகளை விட்டுடுங்க, எமுலேட்டர் எழுதினவங்களோட உரிமத்தையே இந்தப் பெட்டிகள் மீறுது.

ஸ்னெஸ்9எக்ஸ், ஜெனிசிஸ் பிளஸ் ஜிஎக்ஸ், ஃபைனல்பர்ன் நியோ மூணு எமுலேட்டருமே வணிகப் பயன்பாட்டைத் தடுக்கிற உரிமத்துல வர்றவை. பல எமுலேட்டர்களை ஒரே இடத்துல ஓட்டுற ரெட்ரோஆர்க் ஜிபிஎல்ங்கிற திறந்த மூல உரிமம், அதனால ரெட்ரோஆர்க்கை மட்டும் விற்கிறது சரிதான், மூல நிரலைத் தரணும், உரிம வாசகம் கூடவே இருக்கணும். ஆனா அதுக்குள்ள ஸ்னெஸ்9எக்ஸ் கோரை (அந்த எமுலேட்டரையே செருகுற பகுதி) நிறுவி விற்ற நிமிஷமே மீறல் ஆயிடுச்சு. ஆர்கேட் கேம்களுக்கான எமுலேட்டர் மேம் 2016ல் ஜிபிஎல்லுக்கு மாறிச்சு. பெட்டிகள்ல இருக்கிறது பெரும்பாலும் அதுக்கு முந்தைய பழைய பதிப்பு, ஏன்னா வேகம் குறைஞ்ச சிப்ல அதுதான் ஓடும். அந்தப் பழைய பதிப்பின் உரிமம் விற்பனைக்கு இடம் தராது.

அப்புறம் பயாஸ், அதாவது கன்சோலைக் கிளப்புற உள் நிரல். பிளேஸ்டேஷன் 1 பயாஸ் வெறும் 512 கேபி ஃபைல், ஆனா அது சோனியின் பதிப்புரிமைப் பொருள். எமுலேட்டர் எழுதுறது சட்டப்படி சரின்னு 2000ல் சோனி, கனெக்டிக்ஸ் வழக்குல வந்த தீர்ப்பைக் காட்டி "எமுலேட்டர் சரின்னா எல்லாம் சரி"ன்னு வாதம் பண்றாங்க. அந்தத் தீர்ப்பு பயாஸை ஆராய்ஞ்சு, அதுக்கு மாற்றா சொந்தமா நிரல் எழுதினதைப் பத்தினது. பயாஸைப் பெட்டியில போட்டு விற்கிறதைப் பத்தினது இல்லை.

வருஷக்கணக்கா காசு வாங்காம எமுலேட்டர் எழுதுறவங்க பேரு பெட்டியில எங்கயும் இருக்காது. கேம் ஓடலைன்னா மட்டும் வாங்கினவர் அவங்ககிட்ட வந்து புகார் பண்றார். எனக்கு இதுதான் எல்லாத்தையும் விட அசிங்கமாப் படுது.


சால்டரிங்_செல்வி:

மதி, காட்ரிட்ஜ் பக்கம் சில விஷயம். விற்பனைக் காட்ரிட்ஜ்கள்ல நடக்கிற ஏமாத்து வேலை பல பேருக்குத் தெரியாது.

சூப்பர் நின்டெண்டோவும் மெகா டிரைவும் 5 வோல்ட் கன்சோல்கள். மலிவு போர்டுகள்ல 3.3 வோல்ட் ஃபிளாஷ் சிப்பை நேரா இணைச்சிருப்பாங்க, நடுவுல 74ஏஎல்விசி164245 மாதிரி வோல்டேஜை மாத்துற லெவல் ஷிஃப்டர் எதுவும் இருக்காது. கேம் ஓடும், அதனால யாரும் கண்டுக்க மாட்டாங்க. ஆனா சிப்பின் பாதுகாப்பு டையோடு வழியா தேவையில்லாத கரண்ட் ஓடி சிப் சூடாகும், அந்தச் சுமையைக் கன்சோலோட பஸ்ஸும் (சிப்களை இணைக்கிற சிக்னல் தடங்கள்) தாங்கணும். கன்சோல் சிப் போச்சுன்னா அதுக்குப் புதுசு கிடையாது, இன்னொரு கன்சோல்லேருந்துதான் கழட்டணும். சரியா செய்யணும்னா 29எஃப்032 மாதிரி 5 வோல்ட் ஃபிளாஷ் அல்லது 27சி322 ஈப்ராம் (புற ஊதா ஒளியால அழிக்கிற சிப்) போடணும், இல்லைனா ஷிஃப்டர் வேணும். சூப்பர் நின்டெண்டோ போர்டு தடிமன் 1.2 மிமீ, முனை சாய்வா சீவியிருக்கணும். சாதாரண 1.6 மிமீ போர்டைச் சீவாம அடிச்சு நுழைச்சா ஸ்லாட் பின்கள் விரிஞ்சு, அப்புறம் ஒரிஜினல் காட்ரிட்ஜ்கூடப் படிக்காது.

"டோனர்" பழக்கம் இன்னொண்ணு. மலிவா கிடைக்கிற ஸ்போர்ட்ஸ் கேம்களை வாங்கி, ரோமைப் பிடுங்கிட்டு, போர்டையும், போலியைத் தடுக்க வைக்கிற லாக்அவுட் சிப்பையும் (சிஐசி) எடுத்துக்கிறது. இன்னைக்கு யாரும் சீண்டாத கேம்னு ஒரிஜினலை அழிக்கிறாங்க. சிஐசி சிப்புக்கு பிஐசி12எஃப்629ங்கிற சின்ன மைக்ரோகண்ட்ரோலர்ல ஏத்துற மாற்று இருக்கும்போது அதுக்கு அவசியமே இல்லை.

வாங்குறவங்களுக்கு ஒரு சோதனை. போக்கிமான் ஃபயர்ரெட் ஒரிஜினல் போர்டுல பேட்டரி கிடையாது, சேவ் ஃபிளாஷ்ல இருக்கும். திறந்து பார்த்தா பேட்டரி இருந்தா அது போலி. போக்கிமான் எமரால்டுல பேட்டரி உண்டு, ஆனா அது கடிகாரத்துக்கு மட்டும். பேட்டரி தீர்ந்தா திரையில அறிவிப்பு வரும், நேரத்தைச் சார்ந்த நிகழ்வுகள் நிக்கும், சேவ் அப்படியே இருக்கும். பேட்டரியோட சேவும் போச்சுன்னா போலிதான். சின்னப் பிள்ளைங்க பல மாசம் விளையாடினது ஒரே நாள்ல காணாமப் போகுது. விற்றவர் "காப்பி"ன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா, வாங்கினவர் முன்னாடியே சேவை எடுத்து வச்சிருப்பார்.


தரவுப்பெட்டகம்:

எல்லாரும் ஒரே பக்கம் பேசுறதால எதிர்ப்பக்கமும் சொல்றேன். 2010க்கு முன்னாடி அமெரிக்காவில் வெளியான கேம்கள்ல 87 சதவீதம் இன்னைக்கு விற்பனையில இல்லைன்னு வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023ல் வெளியிட்ட ஆய்வு சொல்லுது. நூலகங்கள் பழைய கேம்களை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து திறந்து காட்ட அனுமதி கேட்டாங்க, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபர்ல மறுத்திடுச்சு. காப்பி எடுத்தவங்க இல்லைன்னா பல கேம்கள் இன்னைக்கு இருக்கவே இருக்காது. சட்டம் இந்த இடத்துல தோத்துப் போச்சுன்னே நான் சொல்வேன்.

ஆனா இந்த நியாயம் காப்பி எடுக்கிறதுக்குத்தான், விற்கிறதுக்கு இல்லை. பாதுகாக்கிறவர் செய்யிற வேலையே வேற. தொடுமுனைகளை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு, ரெண்டு தடவை தனித்தனியா படிச்சு, ரெண்டு எஸ்ஹெச்ஏ-1 மதிப்பும் (ஃபைலோட கைரேகை மாதிரி) ஒண்ணான்னு பார்த்து, சரியான ரோம்களோட மதிப்புகள் இருக்கிற நோ-இன்ட்ரோ பட்டியலோட ஒப்பிடணும். மதிப்பு பொருந்தலைன்னா உடனே "புதுப் பதிப்பு கிடைச்சிடுச்சு"ன்னு குதிக்க வேண்டாம். சூப்பர் நின்டெண்டோ ஃபைல் அளவு 1024ஆல் வகுத்தா 512 மிச்சம் வருதான்னு பாருங்க. வந்தா முன்னாடி பழைய காப்பியர் கருவி ஒட்டின 512 பைட் தலைப்பு இருக்கு, அதை வெட்டணும். என்இஎஸ் (நின்டெண்டோவின் முந்தைய கன்சோல்) ஃபைல்ல அதே மாதிரி 16 பைட். பிளேஸ்டேஷன் டிஸ்கை 2048 பைட் ஐஎஸ்ஓவா எடுத்தா ஆடியோ ட்ராக் எல்லாம் போயிடும், 2352 பைட் முழு செக்டராத்தான் எடுக்கணும். வெளிவராத மாதிரிப் பதிப்பு ஈப்ராம்ல கிடைச்சா, முதல் வேலை கண்ணாடி ஜன்னலை ஸ்டிக்கர் போட்டு மூடுறது. வெயில் பட்டா மெல்ல அழியும்.

விற்பனையாளர்கள்ல இதையெல்லாம் செய்யிறவரை நான் பார்த்ததில்லை. இணையத்துல கிடைச்ச ஃபைலை, மொழிபெயர்ப்பாளர் பேரு வர்ற முதல் திரையை அழிச்சிட்டு ஏத்துறாங்க.


உரிமைநோட்டு:

மொழிபெயர்ப்பு பத்தி மதி கேட்டது விடுபட்டிருந்தது. மொழிபெயர்ப்புங்கிறது வழிப்படைப்பு. மூலத்தின் உரிமையாளர் அனுமதி ஒண்ணு, மொழிபெயர்த்தவர் அனுமதி ஒண்ணு, ரெண்டும் வேணும். அதனாலதான் மொழிபெயர்ப்பாளர்கள் முழு ரோமைத் தராம பேட்ச் (மாற்றங்கள் மட்டும் இருக்கிற ஃபைல்) மட்டும் தர்றாங்க, கூடவே "விற்பனைக்கு அல்ல"ன்னும் எழுதுறாங்க. பேட்சை பிபிஎஸ் வடிவத்துல வெளியிடுறது நல்லது. அதுல மூல ஃபைலோட சிஆர்சி32 சரிபார்ப்பு எண் இருக்கிறதால தப்பான ரோம்ல ஒட்டாது. ஐபிஎஸ்ங்கிற பழைய வடிவம் எதுவும் சரிபார்க்காது, தலைப்பு இருக்கிற ஃபைல்ல ஒட்டினா எல்லாம் 512 பைட் தள்ளி விழுந்து கேம் கறுப்புத் திரையில நிக்கும்.


மதி_16பிட்:

விளக்கத்துக்கு நன்றி. பெட்டியும் மொழிபெயர்ப்பும் வேண்டாம்னு முடிவு. அப்ப புது காட்ரிட்ஜ் செஞ்சு முறையா விற்க என்னதான் வழி?


சால்டரிங்_செல்வி:

இருக்கு. மைக்ரோ மேஜஸ் மாதிரி பழைய கன்சோலுக்காக இப்ப புதுசா எழுதுற கேம்கள் வருது. அப்படி எழுதுறவங்கள்ல பல பேருக்கு நல்ல போர்டு செய்யிற கைதான் தேவை. எழுதினவர்கிட்ட நேரா ஒப்பந்தம் போடுங்க: எந்தக் கன்சோல், எத்தனை பிரதி, எத்தனை வருஷம், பிரதிக்கு எவ்வளவு பங்கு, இசை வேற ஆளுடையதா. கடைசிக் கேள்வியை விட்டுடாதீங்க, பல ஒப்பந்தம் அங்கதான் உடையுது. லேபிள்ல கன்சோல் நிறுவனத்தோட சின்னத்தைப் போடாதீங்க, கேம் உங்களுடையதா இருந்தாலும் வணிகச் சின்னம் அவங்களுடையது.


எக்ஸ்ட்ரா_லைஃப்:

இலவசமா விட்ட கேம்னாலும் உரிமத்தை வரிவரியா படிங்க. "பினீத் எ ஸ்டீல் ஸ்கை" 2003ல் இலவசமாச்சு, ஆனா அதைத் தனிப்பொருளா விற்கக் கூடாதுன்னு உரிமத்துலயே இருக்கு. டூம் கேம் விஷயத்துல இன்ஜின் நிரல் 1997ல் வெளியாகி அப்புறம் ஜிபிஎல்லுக்கு வந்தது. வரைபடம், படம், ஒலி எல்லாம் இருக்கிற வாட் ஃபைல் இன்னும் உரிமையாளருடையதுதான். அதுக்குப் பதிலா, மாற்றா எழுதின ஃப்ரீடூம் ஃபைலை எடுத்துக்கலாம். அது பிஎஸ்டி உரிமம், விற்கத் தடை இல்லை. அதோட ஜிபிஎல் இன்ஜினைச் சேர்த்து, மூல நிரலைக் கேட்டாத் தர்றோம்ங்கிற எழுத்துபூர்வ உறுதியையும் ரெண்டு உரிம வாசகங்களையும் கையேட்டுல அச்சடிச்சு விற்கலாம். நிரல்ல மாற்றம் பண்ணினா மாத்தின நிரலையும் தரணும், பழைய நிரலுக்கு இணைப்பு கொடுத்தாப் போதாது.