மறு: ‘வாஷ்’ – ‘கழுவல்’ வேண்டாம், ‘இறங்குவண்ணம்’ பற்றிப் பேசுவோம்

நண்பர்களுக்கு வணக்கம்.

போர்விளையாட்டுச் சிற்றுருக்களுக்கு, அதாவது மேசைமேல் போர் ஆட நாமே வண்ணமிடும் சிறு வீரர் பொம்மைகளுக்கு, நம் குழு தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில் மற்றதெல்லாம் ஓரளவு முடிந்துவிட்டது. உருவின் பள்ளங்களை இருட்டாக்க விடும் நீர்த்த வண்ணத்தைக் குறிக்கும் ‘வாஷ்’ மட்டும் நம்மை இழுத்தடிக்கிறது. (போர் ஆட்டம் என்று வைக்கலாம் என்றவருக்கு: பிரித்து எழுதினால் சரி. எவராவது சேர்த்து எழுதினால் ‘போராட்டம்’ ஆகி, காவல்துறை அனுமதி கேட்க வேண்டி வரும். போர்விளையாட்டே இருக்கட்டும்.)

சொல்லுக்குள் போவதற்கு முன், இந்தத் தொழிலில் கை வைக்காதவர்களுக்காக அந்தப் பொருள் என்ன செய்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். இதுவரை வந்த பரிந்துரைகளில் பாதி, ஆங்கிலச் சொல்லைப் பார்த்து வந்தவை. பொருளைப் பார்த்து வந்தவை குறைவு.

1815இல் வாட்டர்லூவில் நின்ற பிரிட்டிஷ் காலாட்படை வீரன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். 28 மி.மீ. உரு. அந்த 28 என்பது பல தயாரிப்பாளர்களிடம் உள்ளங்காலிலிருந்து கண் வரைக்குமான உயரம், உச்சந்தலை வரை அல்ல. சிவப்புச் சட்டை, சாம்பல் கால்சட்டை, மார்பில் குறுக்காக வெள்ளை வார்கள், முதுகில் கருப்புப் பை, தலையில் ஷாகோ என்னும் உயரமான உருளைத் தொப்பி. எல்லாவற்றுக்கும் அடிவண்ணம் கொடுத்து முடித்தால் உரு தட்டையாக, பிளாஸ்டிக் சாமான் மாதிரி தெரியும். கையளவு கூட இல்லாத பொருளின் மேல் அறை வெளிச்சம் விழுந்து உண்டாகும் நிழல், கண்ணுக்கு எட்டும் அளவுக்கு ஆழமாக இருப்பதில்லை. ஆகவே நிழலை நாமே போட வேண்டியிருக்கிறது.

அதற்குத்தான் இந்த மெல்லிய கலவை. பழுப்போ கருப்போ, நீர்த்த, ஒளி ஊடுருவும் வண்ணம். தூரிகையில் தாராளமாக எடுத்துச் சட்டையின் மேல் விட்டால், மேடான இடங்களிலிருந்து வழிந்து துணி மடிப்பிலும், விரல் இடுக்கிலும், வாருக்கும் சட்டைக்கும் இடைப்பட்ட கோட்டிலும் போய்ச் சேரும். காய்ந்ததும் பள்ளம் இருண்டு, மேடு கிட்டத்தட்ட பழைய நிறத்திலேயே நிற்கும். வெறும் தண்ணீரில் கரைத்த அக்ரிலிக் வண்ணத்துக்கு இந்த ஒழுங்கு வராது. தண்ணீரின் பரப்பு இழுவிசை அதைத் துளித்துளியாகத் திரட்டிவிடும். அதனால்தான் குப்பியில் வருவதில் ஓட்டத்துக்கு உதவும் பொருள் கலந்திருக்கிறார்கள். வீட்டில் கலப்பவர்கள் மேட் மீடியமும் (நிறமில்லாத, பளபளக்காத அக்ரிலிக் கலவை), ஓரிரு துளி ஃப்ளோ இம்ப்ரூவரும் (அந்த ஓட்டத்துக்கு உதவும் பொருள்) சேர்க்கிறார்கள்.

சிவப்புச் சட்டைக்குக் கருப்பு விட்டால் அழுக்காகிவிடும், பழுப்புதான் நன்றாக அமையும். வெள்ளை வார்கள் எப்படியும் கறைபடும். காய்ந்த பிறகு வாரின் மேற்பரப்பில் மட்டும் வெள்ளையை மறுபடி பூசினால், ஓரத்தில் மெல்லிய பழுப்புக் கோடு மிஞ்சி, தூரத்திலிருந்து பார்க்கும்போதும் வார் தனியாகத் தெரியும். ஒரு படைவகுப்பு (ரெஜிமென்ட்) முழுவதையும் மேசையில் வரிசையாக வைத்தால் இந்தக் கோடுதான் வேலை செய்கிறது, கன்னத்து நிழல் அல்ல.

இப்போது ‘வாஷ்’ என்பதற்குக் குழுவில் வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> கழுவல் – நேர்ப்பொருள், சுருக்கம்.

இதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. இந்தப் பொழுதுபோக்கில் உண்மையான கழுவுதல் ஒன்று முதல் படியாகவே இருக்கிறது. ரெசின் உருவென்றால் அச்சிலிருந்து பிரிந்து வருவதற்காகத் தடவிய வழுக்குப் பொருள் ஒட்டியிருக்கும், சோப்புத் தண்ணீரில் கழுவாமல் பிரைமர் (வண்ணம் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் பூச்சு) அடித்தால் பின்னால் உரிந்து வரும். உலோக உருக்களைச் சுழலும் ரப்பர் அச்சில் வார்க்கிறார்கள், அங்கே டால்கம் தூள் உண்டு. ஆகவே நம் கையேட்டில் ‘முதலில் உருவைக் கழுவவும், அடிவண்ணம் காய்ந்தபின் கழுவல் இடவும்’ என்று வரும். படிக்கிறவர் பூசியதையும் சேர்த்துக் கழுவிவிடுவார்.

> நீர்ப்பூச்சு என்றால் என்ன குறை? யாருக்கும் புரியுமே.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். அக்ரிலிக்கில் அடிவண்ணத்தையே நீர் விட்டு மெல்லியதாக்கி இரண்டு முறை பூச வேண்டும் என்பது எல்லோரும் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம். நீர் சேர்ப்பதால் எதுவும் தனிப்படுவதில்லை. எண்ணெய் வண்ணத்தை ஒயிட் ஸ்பிரிட் என்னும் பெட்ரோலியக் கரைப்பானில் கரைத்து விடும் முறையும் இருக்கிறது, பீரங்கி வண்டி, டாங்கி வண்ணமிடுபவர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அதை ‘எண்ணெய் நீர்ப்பூச்சு’ என்று எழுத யாருக்காவது மனம் வருமா?

‘நீர்ப்பூச்சு’ இன்னொரு வகையிலும் வழிமாற்றும். நீர்வண்ண ஓவியத்தில் ‘வாஷ்’ என்பது தாளில் அகலமான இடத்தைச் சீராக மூடும் மெல்லிய படலம். வானத்தை அப்படித்தான் பூசுவார்கள். நம் வாரப் பத்திரிகைகளில் கதைக்குப் படம் போட்டவர்கள் ‘வாஷ் டிராயிங்’ என்று சொன்னதும் அந்த வழியில் வந்ததே. சீராகப் பரவுவது அங்கே வெற்றி. சிற்றுருவில் அதே சீர் வந்தால் தோல்வி, ஏனென்றால் சட்டை முழுவதும் மங்கிப் போகும். ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது. தமிழில் அந்தச் சுமையை நாமும் ஏற்க வேண்டியதில்லை.

> நிழல்மை அழகாக இருக்கிறதே.

அழகாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சிக்கல் ‘நிழல்’ என்பதில். நிழல் என்பது நோக்கம். அந்த நோக்கத்தை அடைய இதைத் தவிர வேறு வழிகளும் உண்டு. கருப்பு பிரைமர் அடித்துப் பள்ளங்களை விட்டுவிட்டு மேலே வண்ணம் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். அடர்த்தி, நடு, வெளிச்சம் என மூன்று சாயலை அடுக்கிப் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மானியத் தட்டை உருக்களையும் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டில் நியூரம்பர்க்கில் ஹில்பர்ட் பட்டறையிலிருந்து பரவிய வகை அது. கற்பலகையில் செதுக்கிய அச்சில் வார்க்கப்பட்டு, பக்கவாட்டில் திருப்பினால் காசுபோல மெல்லியதாக நிற்கும். அங்கே வண்ணம் இறங்கிப் போகப் போதிய பள்ளமே கிடையாது. உருண்டையான உடம்பு என்ற தோற்றத்தை முழுக்க முழுக்க ஓவியர் தூரிகையால் உண்டாக்க வேண்டும், பெரும்பாலும் எண்ணெய் வண்ணத்தில். அந்த ஓவியர் போடுவதும் நிழல்தான். ஆனால் அவர் இந்தக் குப்பியைத் தொடுவதில்லை. பவேரியாவின் குல்ம்பாக் நகரில் பிளாஸன்பர்க் கோட்டையில் இத்தகைய தகர உருக்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. படங்கள் பார்த்தால் நான் சொல்வது உடனே விளங்கும்.

‘மை’ என்பதிலும் தயக்கம் உண்டு. இந்தத் துறையில் ‘இங்க்’ என்று தனியாக ஒன்று விற்கிறது. செறிவு அதிகம், காய்ந்தால் பளபளக்கும். ‘மை’யை அதற்கு ஒதுக்கி வைப்பதே நல்லது.

> வாஷ் என்றே எழுதிவிட்டுப் போகலாமே. குப்பியில் அப்படித்தானே இருக்கிறது?

குப்பியில் அப்படி இருந்தால் நானும் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். வண்ணத் தயாரிப்பாளர்களில் ஸ்பெயினின் வல்லெஹோ ‘வாஷ்’ என்கிறது. நாட்டிங்ஹாமின் சிட்டடெல் ‘ஷேட்’ என்கிறது. டென்மார்க்கின் ஆர்மி பெயிண்டர் ‘டோன்’ என்கிறது. சிட்டடெலின் கருப்புக் குப்பிக்குப் பெயர் ‘நுல்ன் ஆயில்’. பெயரில் எண்ணெய், உள்ளே இருப்பது தண்ணீரில் கரையும் அக்ரிலிக். அதை வாங்கித் தின்னரில் கலக்கப் பார்த்தவர்கள் உண்டு. ‘குப்பியில் அடைத்த திறமை’ என்று ஆங்கில வட்டாரத்தில் கிண்டலாகச் சொல்வதும் இதே வகைக் குப்பியைத்தான். வணிகப் பெயர்களுக்குள் ஒற்றுமை இல்லாத இடத்தில், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சொல் தேவைப்படுகிறது. ‘வாஷ்’ அந்த மூன்றில் ஒன்றாகவே நிற்கும்.

ஆகவே என் பரிந்துரை ‘இறங்குவண்ணம்’. ஏவுகணை, இயங்குதளம் போல வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது. மடிப்பில் வண்ணம் ‘இறங்கிடுச்சா’ என்று நாம் பேச்சில் கேட்பதுதான் அது. எண்ணெய் ஆனாலும் அக்ரிலிக் ஆனாலும் பொருந்தும். வினையாக வரும்போது ‘இறங்குவண்ணம் விடு’ என்று சொல்லலாம். ‘பூசு’ வேண்டாம். தோசைக்கல்லில் எண்ணெய் விடுவதைப் போல, இதைத் தேய்க்காமல் விட்டுவிட்டு ஒதுங்க வேண்டும் என்ற செய்முறையும் அந்த வினைக்குள் வந்துவிடுகிறது.

எதிர்ப்பு ஒன்று வரும் என்று தெரியும்: துணியிலிருந்து சாயம் இறங்குவதையும் ‘இறங்குதல்’ என்றுதானே சொல்கிறோம்? ஆமாம். அங்கே வெளியே போகிறது, இங்கே உள்ளே போகிறது. அதனால்தான் ‘இறங்குசாயம்’ என்று வைக்காமல் ‘வண்ணம்’ என்று வைத்தேன். ‘சாயம்’ சேர்ந்தால் கெட்டுப்போன வேட்டிதான் நினைவுக்கு வரும்.

‘தேங்குவண்ணம்’ என்ற பரிந்துரையையும் எடைபோட்டுப் பார்த்தேன். தேங்குவது குறையின் பெயராக இருக்கட்டும். பரந்த தட்டையான இடத்தில், உதாரணமாகக் குதிரையின் பின்புறத்தில், வண்ணம் குளமாக நின்று காய்ந்தால் விளிம்பில் கறைவளையம் விழும். துளியின் ஓரம் வேகமாகக் காய்வதால் உள்ளிருக்கும் நீர் ஓரத்தை நோக்கி ஓடி, நிறத்துகளையும் கூடவே கொண்டுபோய் ஒதுக்குகிறது. காபி சிந்திய வட்டம் உண்டாவதும் இதே காரணத்தால்தான். ‘தேங்கல்’, ‘தேங்கல் வளையம்’ இரண்டும் அதற்குச் சரியாகப் பொருந்துகின்றன. ஈரமாக இருக்கும்போதே காய்ந்த தூரிகை நுனியால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும்.

அடுத்து ‘டிரைபிரஷ்’. ‘உலர்தூரிகை’ என்று பட்டியலில் போட்டிருக்கிறார்கள். அது கருவியின் பெயர்போல ஒலிக்கிறது, கடைக்காரரிடம் கேட்டால் காய்ந்த தூரிகை ஒன்றை எடுத்துக் கொடுப்பார். நடப்பது என்ன? தூரிகையில் கெட்டியான வண்ணத்தை எடுத்து, பெரும்பகுதியைத் துணியிலோ காகிதத்திலோ துடைத்துவிட்டு, மிச்சத்தை உருவின் மேல் லேசாக உரசுகிறோம். மேடு மட்டும் நிறம் பிடிக்கும். குதிரைப் பிடரி, கரடித்தோல் தொப்பி, அடித்தட்டில் ஒட்டிய மணல், இவற்றுக்கு இதைவிட விரைவான வழி இல்லை. ‘உரசுபூச்சு’ என்று வைத்தால் இறங்குவண்ணத்துக்கு இணையாக நிற்கும்: ஒன்று பள்ளத்துக்கு, மற்றது மேட்டுக்கு. ஒன்றில் ‘வண்ணம்’, மற்றதில் ‘பூச்சு’ ஏன் என்று கேட்பீர்கள். முன்னது குப்பியில் கிடைக்கும் பொருள், பின்னது கைவேலை. இந்த வேறுபாடு ஒலியழகைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். நல்ல கோலின்ஸ்கி தூரிகையை (மெல்லிய விலங்கு முடியாலான விலை கூடிய வகை) உரசுபூச்சுக்குத் தொடாதீர்கள் என்ற எச்சரிக்கையையும் விளக்கத்தில் சேர்க்கலாம். முடி பிய்ந்துவிடும்.

‘டிப்’ – நிறமேற்றிய வார்னிஷில் உருவையே முக்கி எடுத்து உதறுவது. ‘முக்கியெடுத்தல்’ போதும், ஆராய்ச்சி வேண்டாம். ‘ஃப்ளாஷ்’, அதாவது அச்சின் இடுக்கில் கசிந்து வார்ப்பின் ஓரத்தில் ஒட்டி நிற்கும் மெல்லிய உபரி, அதற்குப் ‘பிசிறு’ ஏற்கெனவே பட்டறைச் சொல். அரத்தால் பிசிறு எடுக்கிறோம், அவ்வளவுதான்.

பழைய ஈய உருக்கள் வெள்ளைத் தூளாக அரிபடும் நோய்க்குச் சேகரிப்பாளர்கள் பக்கத்திலிருந்து வந்த ‘ஈயத்துரு’வை மட்டும் தயவுசெய்து மாற்றுங்கள். துரு இரும்புக்கு உரியது. அதோடு ‘ஈயம்’ என்று வெறுமனே எழுதினால் குழப்பம்தான், ஏனென்றால் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். பிரிட்டன்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொம்மை நிறுவனம் 1893 முதல் உள்ளீடற்ற வார்ப்பாகச் செய்த பழைய 54 மி.மீ. வீரர்களில் இருப்பது காரீயக் கலவை. இன்றைய வெள்ளை உலோக உருக்களில் பலவும் வெள்ளீயம் மிகுந்தவை, அவற்றுக்கு இந்த நோய் பெரிதாக வருவதில்லை. ஓக் மரப் பேழையில் பூட்டி வைத்தால் மரம் வெளியிடும் அசிட்டிக் அமில ஆவி காரீயத்தைத் தாக்கி, காரீயக் கார்பனேட்டாக வெள்ளைத் தூள் கிளம்பும். அதைப் பார்த்தால் நம்மவர்கள் ‘பூத்துப்போச்சு’ என்றுதான் சொல்வார்கள். ‘காரீயம் பூத்தல்’ என்று வைப்போம். ‘பூப்பு’ என்று சுருக்க வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை. இதே வினை வேறோர் இடத்திலும் உதவும். சென்னையில் ஐப்பசி மழை நேரத்தில் மேட் வார்னிஷ் ஸ்பிரே அடித்து, ஈரக்காற்றில் உரு முழுவதும் வெண்புகை படிந்து போகிறதே, அது ‘வார்னிஷ் பூத்தல்’. முன்னதைத் தவிர்க்கப் பெட்டியை மாற்ற வேண்டும், பின்னதைத் தவிர்க்க மழை விட வேண்டும்.

மிச்சம் இருப்பது ‘ஃபேசிங்’. காலர், மணிக்கட்டுப் பட்டை ஆகியவற்றில் படைவகுப்புக்கு ஒன்றாக மாறும் நிறம். 44ஆம் வகுப்புக்கு மஞ்சள், 33ஆம் வகுப்புக்குச் சட்டையைப் போலவே சிவப்பு, ‘ராயல்’ பட்டம் பெற்ற வகுப்புகளுக்கு நீலம். பட்டியலில் இருக்கும் ‘முகநிறம்’ என்பதைப் பார்த்து யாராவது வீரனின் கன்னத்துக்கு மஞ்சள் பூசிவிடுவதற்குள் எடுத்துவிடுங்கள். ‘வகுப்பு நிறம்’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன், ஆனால் ‘வகுப்பு’ என்றதும் பள்ளிக்கூடமோ சாதிப் பட்டியலோ நினைவுக்கு வருவதால் எனக்கே நிறைவில்லை. தையல் தொழில் தெரிந்தவர்கள் யாராவது, மாற்றுத் துணி வைத்துத் தைத்த காலர், கைப்பட்டைக்குக் கடையில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதினால் அங்கிருந்து தொடங்கலாம்.

அன்புடன்.