என் 50 பங்கு விற்றதற்கா விலை இறங்கியது?

தாமுவே_டீக்கடை:
மழைக்கு முன்னால் கூரைத் தகரம் மாற்றப் பணம் வேண்டியிருந்தது. ரங்கூன் பங்குச்சந்தையில் வைத்திருந்ததில் 50 பங்கை, விற்றால் போதும் என்று 9,000 கியாட்டுக்கு எழுதிக் கொடுத்தேன். முந்தைய விலை 10,000. எனக்கு 9,500 கிடைத்தது. சந்தையின் விலைப் பலகையிலும் அதுவே புது விலை. அதே கம்பெனியில் 2,000 பங்கு வைத்திருக்கும் மாமா போன் போட்டு, "உன்னால் எனக்கு 10 லட்சம் போச்சு" என்கிறார். என் சில்லறை விற்பனைக்கு அவ்வளவு சக்தியா?

கணக்குப்பிள்ளை:
உண்டு தம்பி. இங்கே வாங்குவோர், விற்போர் சீட்டுகளைச் சேர்த்து வைத்து, நாளில் குறிப்பிட்ட நேரங்களில்தான் பொருத்துகிறார்கள். எந்த விலையில் அதிகப் பங்கு கைமாறுமோ அதுதான் எல்லோருக்கும் விலை. அன்று 10,000க்கு 20 பங்கும், 9,500க்கு 60 பங்கும் கேட்டிருந்தார்கள் என்று வையுங்கள். 10,000 என்றால் 20தான் போகும். 9,500 என்றால் உங்கள் 50ம் போய்விடும். அதனால் 9,500. பத்தாயிரம் தரத் தயாராக இருந்தவருக்கும் அதே விலைதான், அவருக்கு அடித்தது யோகம்! நீங்கள் 10,000 என்று எழுதியிருந்தால் 20 விற்று, மீதி 30 காத்திருக்கும். விலையும் அசைந்திருக்காது. ஆள் குறைந்த சந்தையில் அவசரக்காரன் கையில்தான் விலை.

பழைய_ரங்கூன்காரன்:
ஏறுவதும் இப்படித்தான். 2016 மார்ச் 25, இந்தச் சந்தையில் வியாபாரம் தொடங்கிய நாளில் இருந்தது எஃப்.எம்.ஐ. என்ற கம்பெனியின் பங்கு ஒன்றுதான். 26,000இல் ஆரம்பித்து அன்றே 31,000. கேட்பவர் நிறைய, கொடுப்பவர் கொஞ்சம். அப்புறம் என்ன ஆயிற்று என்பது அன்று வாங்கிய எனக்குத் தெரியும், விடுங்கள். நான் இப்போது விலைக்கு முன்னால் எத்தனை பங்கு கைமாறியது என்றுதான் பார்க்கிறேன். கடைசிப் பொருத்தத்தில் வேண்டுமென்றே நாலைந்து பங்கை ஏற்றி வாங்கி விலையை அழகுபடுத்துவது பெரும்பாலான ஊர்ச் சந்தைகளில் குற்றம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தாமுவே_டீக்கடை:
ஐயா, நீங்கள் சொல்வதற்குள் மாமா அதையே செய்துவிட்டார். இன்று 10,000க்கு 5 பங்கு வாங்கினார், பலகையில் மறுபடி 10,000. 50,000 கியாட் செலவில் 10 லட்சம் திரும்பி வந்துவிட்டதாம். "சரி மாமா, 2,000ஐயும் அந்த விலைக்கு விற்றுக் காட்டுங்கள்" என்றேன். போனை வைத்துவிட்டார்.