போர்வெல் நீரில் ஈயம்: ஸ்ட்ரிப்பிங் பீக் பாதிகூட வரவில்லை

நீர்_ஆய்வு:
ஈயத்தை எலக்ட்ரோடில் படியவைத்து, அது மீண்டும் கரையும்போது வரும் மின்னோட்ட உச்சத்தை (பீக்) அளக்கும் ஸ்ட்ரிப்பிங் முறை. ஸ்கிரீன் பிரிண்டட் கார்பன் எலக்ட்ரோடில் பிஸ்மத் படலம். 5 மி.லி. மாதிரி, 5 மி.லி. 0.2 மோலார் அசிடேட் பஃபர் (பிஹெச் 4.5), பிஸ்மத் 400 பிபிபி (லிட்டருக்கு மைக்ரோகிராம்). கலக்கியபடி −1.2 வோல்ட்டில் 120 நொடி படிவு, 10 நொடி ஓய்வு, பிறகு ஸ்கொயர் வேவ் (25 ஹெர்ட்ஸ், வீச்சு 25 மில்லிவோல்ட், படி 4 மில்லிவோல்ட்). காய்ச்சி வடித்த நீரில் கலிபரேஷன் நேர்கோடு. போர்வெல் நீரில் 10 பிபிபி ஈயம் சேர்த்தால் 4 தான் காட்டுகிறது. பீக்கும் −0.62 வோல்ட்டிலிருந்து −0.55-க்கு வந்துவிடுகிறது. மாதிரி கெடாமல் இருக்க லிட்டருக்கு 5 மி.லி. அடர் நைட்ரிக் அமிலம் ஊற்றியிருக்கிறோம்.

பஃபர்காரர்:
முதலில் ஒன்று: அந்த 10 பிபிபி மாதிரியிலா, செல்லிலா (பஃபர் கலந்து அளக்கும் கலம்)? மாதிரியில் என்றால் செல்லில் இருப்பது 5 தான். அப்போது 4 என்பது 80 சதவீதம், அவ்வளவு மோசமில்லை.

நீர்_ஆய்வு:
செல்லில்தான். எலக்ட்ரோடு மேல் குமிழியும் வருகிறது.

பஃபர்காரர்:
அப்படியானால் அமிலம்தான். லிட்டருக்கு 5 மி.லி. என்றால் ஏறக்குறைய 0.08 மோலார், பாதியாகக் கலந்தபின் 0.04. பிஹெச் 4.5-இல் உங்கள் பஃபரில் அசிடேட் அயனி 0.035 மோலார்தான் இருக்கும். பஃபர் முழுக்கத் தீர்ந்து, பிஹெச் 2-க்குப் பக்கத்தில் நிற்கும். −1.2 வோல்ட்டில் ஹைட்ரஜன் கொப்பளித்துப் படலத்தைப் பெயர்க்கும். செல்லில் பிஹெச் அளந்து பாருங்கள். பழைய மாதிரிகளைச் சோடியம் ஹைட்ராக்சைடால் பிஹெச் 4 வரை ஏற்றிப் பிறகு பஃபர் சேருங்கள். அதே கலவையில் பிளாங்க்கும் (மாதிரி சேர்க்காத சோதனை) ஓட்டுங்கள், சேர்க்கும் ரசாயனங்களிலேயே ஈயம் இருக்கலாம். இனி எடுக்கும் மாதிரிக்கு பிஹெச் 2-க்குக் கீழே இறக்கும் அளவு போதும், பெரும்பாலும் 1.5 மி.லி. கார நீரில் கொஞ்சம் கூடும்.

ரெஃபரன்ஸ்_59:
பீக் நகர்வதற்கு அமிலம் காரணமில்லை. அச்சிட்ட சில்வர் ரெஃபரன்ஸ் (மின்னழுத்தத்தை ஒப்பிட வைக்கும் எலக்ட்ரோடு) நீரிலுள்ள குளோரைடை அப்படியே பிரதிபலிக்கும். குளோரைடு 10 மடங்கு கூடினால் அதன் மின்னழுத்தம் 59 மில்லிவோல்ட் இறங்கும், பீக் அந்த அளவு நேர்பக்கம் போனதாகத் தோன்றும். உங்கள் 70 மில்லிவோல்ட்டுக்குக் குளோரைடு சுமார் 15 மடங்கு கூடினால் போதும். நீங்கள் −1.2 என்று வைப்பதும் போர்வெல் நீரில் உண்மையில் இன்னும் எதிர்பக்கம் இருக்கிறது, குமிழிக்கு அதுவும் துணை. பஃபரிலேயே பொட்டாசியம் குளோரைடு சேர்த்துச் செல்லில் 0.1 மோலார் ஆக்குங்கள், கலிபரேஷனிலும் அதே.

செம்பு_எதிரி:
இரண்டையும் சரிசெய்தும் குறைந்தால் செம்பைச் சந்தேகியுங்கள், அது ஈயத்தின் பீக்கைக் குறைக்கும். பித்தளை வால்வு, மோட்டார் பாகம் எங்கிருந்தும் வரும். வெறும் பஃபரில் 10 பிபிபி ஈயம் வைத்து 100 பிபிபி செம்பு சேர்த்தால் பீக் எப்படிச் சரிகிறது என்று தெரியும். பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு 0.1 மில்லிமோலார் செம்பைக் கட்டிவிடும். பஃபர் கலந்து பிஹெச் 4.5 உறுதியான பின்பே போடுங்கள். கழிவைக் கடும் அமிலத்தோடு சேர்க்காதீர்கள், ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும்.

காய்ச்சி வடித்த நீரில் போட்ட வெளி கலிபரேஷனை விட்டுவிடுங்கள். 10 மி.லி. செல்லில் லிட்டருக்கு 10 மி.கி. ஸ்டாண்டர்டு 10 மைக்ரோலிட்டர் விட்டால் ஒவ்வொரு முறையும் 10 பிபிபி கூடும்; மூன்று முறை விட்டுக் கோடு போடுங்கள். இந்தியக் குடிநீர்த் தர வரம்பு 10 பிபிபி, உங்கள் செல்லில் அது 5. அதற்கு 120 நொடி போதாவிட்டால் 240 வையுங்கள்.